அருவிக்கரையில் வாங்கிக் கொடுத்த சிம் கார்டு

குற்றாலம்

அன்பு மகன் இசக்கிராஜாவுக்கு அம்மா எழுதுவது, இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி முத்துசெல்வியும் இருக்கிறோம், நீ நல்லாயிருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். வடக்கே வெயில் கொளுத்துகிறதாம், ஜெயிலில் மின்விசிறியாவது சுற்றுகிறதா? இங்கே சாரல் விழுகிறது, தென்காசி வரைக்கும் காற்று குளிர்ந்து கிடக்கிறது, மேலில் படும்போதெல்லாம் உன் நினைப்புதான்.

இந்தத் தடவையும் ஜாமீன் இல்லை, கோர்ட்டில் விசாரணையே இன்னும் தொடங்கவில்லை என்று வக்கீல் ஷெர்லின் போனில் சொன்னார். அருவிக்குக் குளிக்க வந்த அந்த ஆளுக்கு உன் பேரில் சிம் கார்டு வாங்கிக் கொடுத்ததை நாம் மறைக்கவில்லையே. அருவிக் கூட்டத்தில் போனையும் பையையும் தொலைத்துவிட்டு ஈரத்துண்டோடு நிற்பவருக்குச் சட்டை கொடுத்து, வீட்டுக்குப் பேசவைத்து, பஸ் ஏற்றிவிடுவது நம் கடைக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான், நானும் அவனுக்கு இட்லி வைத்தேன். அவன் வடக்கே போய்க் குண்டு வைப்பான் என்று யார் கண்டது. செத்துப்போன பிள்ளைகளை டிவியில் பார்த்து அன்றைக்கு நானும் பட்டினி. உன்னை விசாரிக்க வந்தபோது நான் குறுக்கே நிற்கவில்லை, கேட்க வேண்டியதுதான். கேட்டும் முடிக்காமல் விடவும் செய்யாமல் வைத்திருந்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது ராஜா?

முத்துசெல்விக்கு சீசன் முடியும்வரை மெயினருவியில்தான் போலீஸ் டூட்டி, வருகிறவர்கள் பையைச் சோதனை போடுகிறாள். அப்பா கோபத்தில், ஏட்டி, உங்கண்ணன உள்ள போட்டவங்களுக்கே சல்யூட் அடிக்குதியே என்று கேட்டுவிட்டார். அவள் அழவில்லை. சோதன போடாம எப்படிப்பா விடுதது, அங்கன சின்னப் பிள்ளைகள்லாம் குளிக்குதுல்லா, ஆனா பையத் தொறந்தா பாத்துட்டு மூடி அவங்க கையில குடுத்துருவேன், நானே வச்சிக்கிட மாட்டேன் என்றாள். அப்பா அவள் டிபன் பாக்ஸை எடுத்துப்போய் வண்டியில் மாட்டினார்.

உன் செல்போன் கடையைத் தினமும் திறந்து பெருக்கி மூடுகிறேன். தலைக்கு எண்ணெய் வை, யாரோடும் மல்லுக்கு நிற்காதே, வக்கீலைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே, இதை மறக்காதே. இசக்கியம்மன் உன்னை விட்டு அகலமாட்டாள்.

உன் முகம் பார்க்கக் காத்துக்கிடக்கிற அம்மா,
சங்கரேஸ்வரி

ஜெயிலில் இதை முதலில் படிக்கிற அதிகாரி ஐயாவுக்கு: நன்றாகப் பாருங்கள், இதில் ஒளித்தது ஒன்றுமில்லை. பார்த்து முடித்ததும் மூடி என் பிள்ளை கையில் கொடுத்துவிடுங்கள். அவனையும் அதேபோல் பார்த்து முடித்து என் கையில் கொடுத்துவிடுங்கள்.