முகூர்த்தக்காலுக்கு எதிரே மாநாடு

செவ்வாய், 20 ஆகஸ்ட் 1996

வெயில். கடல் பக்கம் காற்றே இல்லை. காலை முழுக்க ஹோட்டலில் கொடி வேலை. மெர்டேக்கா சுதந்திர நாளுக்காக ஏற்கெனவே கட்டிய நம் கொடிகளுக்கு நடுவே வெளிநாட்டுக் கொடிகளும் வர வேண்டுமாம். எந்தக் கொடிக்குப் பக்கத்தில் எது வரக்கூடாது என்று கோலாலம்பூரிலிருந்து வந்த அதிகாரியம்மா மூன்று தடவை மாற்றினார். கல்யாணப் பந்தியில் யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்பதை விடப் பெரிய தலைவலி.

நாளை தொடங்கி சனி மதியம் வரை மாநாடு. அக்கம்பக்கத்து நாட்டு அதிகாரிகள். விஷயம் தீவிரவாதம், எல்லையில் அமைதியில்லாமை. பெரிய தகராறு இரண்டு நாடுகளுக்குள்தான். துப்பாக்கி தூக்கியவர்கள் உங்கள் காட்டில்தான் ஒளிந்திருக்கிறார்கள் என்று இவர்கள், இல்லை, உங்கள் காட்டில் என்று அவர்கள். அந்த ஆட்களுக்குப் பயந்து எல்லை தாண்டி ஓடிவந்த குடும்பங்கள் முகாமில் கிடக்கின்றன. அவர்களைத் திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா. இதெல்லாம் மானேஜர் சொன்னது. எனக்கென்று தனியாகச் சொன்னது: டீ சூடாக இருக்க வேண்டும், காதில் எதுவும் விழக்கூடாது.

பந்தி மேற்பார்வைக்காரனுக்கு இருபது வருடமாக அதுதானே வேலை.

ஞாயிறு மகள் கலாவுக்குக் கல்யாணம். கோயில் மண்டபம், ஹோட்டலுக்கு அடுத்த வளைவு. சனி மதியம் இவர்கள் போய்விடுவார்கள், எனக்கு சனி மாலையிலிருந்து லீவு. எல்லாம் சரியாக அமைந்திருக்கிறது. அப்படித்தான் போன தடவையும் நினைத்தேன்.

மறக்கக்கூடாதவை: வாழை இலை (மச்சான் பெம்பான் ஊரிலிருந்து கொண்டுவருவான்), கற்பூரம், சந்தனம், என் சட்டைக்குப் பொத்தான்.


புதன், 21

விடியுமுன் முகூர்த்தக்கால் நட்டோம். வீட்டு வாசலில், சாலை ஓரப் புல்லில். வேறு இடம் ஏது? பின்னால் சாக்கடை. எதிரே ஹோட்டலின் பக்கவாசல். என் வீட்டுக்காரி பாருவின் தம்பி தங்கராஜ் குழி வெட்டினான், தாய்மாமன் முறை. பாரு கம்புக்கு மஞ்சள் பூசி மாவிலை கட்டினாள். சுமங்கலிகள் ஐந்து பேர் தண்ணீர் ஊற்றினார்கள்.

குழிக்குள் போடும் நவதானியத்தைத் துணியில் முடிந்து போடுவதுதான் வழக்கம். இங்கே புல்லெல்லாம் எறும்பு. நல்ல காரியத்துக்குப் போட்ட தானியத்தை எறும்பு இழுத்துக்கொண்டு போவதா என்று நான்தான் ஒரு பால்மாவு டின்னில் போட்டு, மூடி, ஹோட்டல் டேப்பால் சுற்றிக் கொடுத்தேன். மஞ்சள், காசு, ஒரு துண்டு செம்புக் கம்பி, எல்லாம் உள்ளே. ஹோட்டல் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது என்று பாரு கிண்டல் செய்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இனி நாள் மாற்ற முடியாது. கால் நட்டால் நட்டதுதான்.

காலை எட்டுக்கு மாநாடு. பெயர்கள் எழுத மாட்டேன். தகராறு பிடித்த இரண்டு தலைவர்களில் ஒருவர் டீக்கு மூன்று கரண்டி சீனி, மற்றவர் சீனியே தொடுவதில்லை. எனக்கு அவர்கள் பெயரே 'மூன்று கரண்டி', 'சீனி இல்லை'. ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. இருவருமே தலைமை நாற்காலியைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். நான் உள்ளே போனால் முதலில் பேச்சை நிறுத்தினார்கள். மதியத்துக்குள் என்னையும் டீ வண்டியில் ஒரு சக்கரமாக நினைத்துவிட்டார்கள்.

கடலோரச் சாலையில் இரண்டு முனையிலும் போலீஸ் அடைப்பு. பஸ், லோரி கிடையாது. கார்களைத் திறந்து பார்த்து விடுகிறார்கள்.


வியாழன், 22

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பத்து மணி டீ கொடுத்துக்கொண்டிருக்கும்போது வாசல் பையன் வந்து கூப்பிட்டான். என் வீட்டு வாசலில் போலீஸ். நேற்று விடியுமுன் சில ஆட்கள் மாநாட்டு ஹோட்டலுக்கு எதிரே குழி தோண்டி ஏதோ புதைத்ததை மேல்மாடிக் காவல்காரர் பார்த்திருக்கிறார். ரிப்போர்ட் மேலே போய், கீழே வந்து, இன்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

ஓடினேன். இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர், வயது குறைவு, மரியாதையானவர். இரண்டு கான்ஸ்டபிள். கயிற்றில் ஒரு நாய். ஒரு தமிழ்க் கார்ப்பரல், ராமு என்று பெயர். நடுவே பாரு, முகூர்த்தக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. விட்டால் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். கலா ஜன்னலில். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

போன தடவை தாலிக்குப் பொன் உருக்கிய அன்று அந்த மாப்பிள்ளையின் தாத்தா செத்துப்போனார். சகுனம் சரியில்லை என்று ஒரே போனில் முடித்துவிட்டார்கள். அப்போது கலாவுக்கு இருபத்தைந்து. இப்போது இருபத்தொன்பது. இந்தச் சம்பந்தி அம்மாவோ வெள்ளிக்கிழமை விளக்கு அணைந்தால்கூடக் கணக்கில் வைப்பவர். நட்ட காலைப் போலீஸ் பிடுங்கியது என்று லூபோக் சீனாவில் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால்?

கார்ப்பரலைத் தனியே இழுத்துக் கெஞ்சினேன். அவர் சொன்னது:

"எனக்குத் தெரியும்லா அண்ணே. என் கல்யாணத்துக்கும் நட்டாங்க. ஆனா நான் சொன்னா அது என் பேச்சு. நாய் சொன்னாத்தான் ரிப்போர்ட்."

நாய் வந்தது. மோந்தது. மஞ்சள் மூக்கில் ஏறி, தும்மித் தும்மி உட்கார்ந்துவிட்டது. எல்லாரும் சிரித்தோம், இன்ஸ்பெக்டர் உட்பட. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்து உலோகம் கண்டுபிடிக்கும் கருவியை வைத்தார்கள். அது கத்திய கத்தலில் சிரிப்பு நின்றது. ஹோட்டல் மாடியிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

டின். என் டின். துணியில் முடிந்து போட்டிருந்தால் ஒரு காசு, ஒரு சின்னக் கம்பி. நான் போட்டதோ டேப் சுற்றிய தகர டப்பா. சாலை ஓரத்தில். மாநாட்டுக்கு எதிரே. எறும்புக்காக.

கம்பைப் பிடுங்கித் தோண்டு என்றார் இன்ஸ்பெக்டர். பாரு விடவில்லை. அவள் மலாயில் பேசி நான் கேட்டதே குறைவு. இன்று பேசினாள், இது என் பிள்ளையின் வாழ்க்கை என்று. ராமு இருவருக்கும் நடுவே நின்று மொழிபெயர்த்தார், கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் சொல்லியிருப்பார். கடைசியில் ஓர் ஒப்பந்தம். கம்பு அசையாது, தங்கராஜ் பிடித்துக்கொள்வான். நட்டவர்கள் கையாலேயே பக்கவாட்டில் தோண்டி டின்னை வெளியே எடுப்பது. நாங்கள் எல்லாரும் தள்ளி நிற்க, ராமு மட்டும் கிட்டே இருந்து திறப்பது.

ராமு கிட்டே போகும் முன் பூட்ஸைக் கழற்றினார். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திறந்தார். நெல், துவரை, பயறு, எள், உளுந்து. ஒன்றில்கூட எறும்பு ஏறவில்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். மிந்தா மாஃப், பாக்சிக், மன்னிக்க வேண்டும் பெரியவரே என்றார். டின்னை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், ரிப்போர்ட்டுக்கு வேண்டுமாம். தானியத்தைப் பாரு மஞ்சள் துணியில் முடிந்து அதே குழியில் வைத்தாள். கம்பு சாயவில்லை. தங்கராஜின் தோள்தான் இப்போது சாய்ந்திருக்கிறது, தைலம் தேய்க்கிறான்.

போகும்போது ராமு மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டார். லூபோக் சீனா பக்கத்து எஸ்டேட் என்றேன். என் வீட்டுக்காரியும் அந்த எஸ்டேட்தான்லா என்றார், சந்தோஷமாக.

இதை வீட்டில் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்க நான் வாய் எடுப்பதற்குள் போய்விட்டார்.

சம்பந்தி அம்மாவிடம் நாமே சொல்லிவிடலாம் என்கிறாள் கலா. வேண்டாம் என்றேன். பாருவும் வேண்டாம் என்றாள். கலா எழுந்து உள்ளே போய்விட்டாள்.


வெள்ளி, 23

மழை. முகூர்த்தக்கால் நன்றாக நிற்கிறது. நான்கு தடவை போய்ப் பார்த்தேன்.

மாநாடு ஓடவில்லை. ஒரு வாக்கியத்தில் சிக்கிக்கொண்டதாம். முகாமில் இருப்பவர்கள் திருப்பி அனுப்பப்படுவார்கள் என்று ஒரு பக்கம். துப்பாக்கிக்காரர்களுக்கு இடம் கொடுத்ததை முதலில் ஒத்துக்கொள் என்று மறுபக்கம். 'மூன்று கரண்டி' மேசையைத் தட்டினார், டீ சிந்தியது. 'சீனி இல்லை' எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டார். அந்த ஜன்னலிலிருந்து என் வீட்டு வாசல் தெரியும்.

நேற்றுப் போலீஸ் வந்தபோது இவர்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மாடியில் நின்று நாய் தும்மியதைப் பார்த்துச் சிரித்தார்களாம். வாசல் பையன் சத்தியம் செய்கிறான். நான் நம்பவில்லை.

மாலை நான்கு மணிக்கு மானேஜர் கூப்பிட்டார். மாநாடு ஞாயிறும் நடக்கலாம். அப்படியானால் அடைப்பும் ஞாயிறு வரை. எல்லாருக்கும் லீவு ரத்து, உனக்கும்தான் என்றார். என் மகள் கல்யாணம் என்றேன். தெரியும், ஆனால் நான் என்ன செய்யட்டும் என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள்.

மாப்பிள்ளை வீட்டு பஸ் லூபோக் சீனாவிலிருந்து வர வேண்டும். மண்டபமோ அடைப்புக்கு நடுவில். பட்டுப் புடவையோடு எல்லாரும் இறங்கி நடந்து, பூத்தட்டையும் சீர்த்தட்டையும் போலீஸ் கிளறிப் பார்த்து... சம்பந்தி அம்மா முதல் தட்டிலேயே திரும்பிவிடுவார். அப்படியே வந்தாலும் கன்னிகாதானம் செய்ய அப்பன் எங்கே? எதிரே டீ ஊற்றிக்கொண்டு.

பாருவிடம் சொன்னேன். "அந்த ரெண்டு பேரும் நாளைக்கு நல்லா சாப்பிடட்டும்ங்க. பசியோட இருந்தா யாருக்கும் சமாதானம் வராது" என்றாள். போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

நாற்பது வருடத்தில் நாட்டுச் செய்தியை இப்படி நெஞ்சு அடிக்க நான் கேட்டதில்லை. முகாமில் இருப்பவர்களை நினைத்தேன். அங்கேயும் யாராவது ஒரு பிள்ளைக்கு நாள் குறித்துவிட்டு, இந்த அறைக்குள் என்ன முடிவாகிறது என்று காத்துக்கொண்டிருப்பான். என் கவலை அவன் கவலைக்குக் கால் தூசு. ஆனாலும் கவலை.


சனி, 24

காலை வானம் மோடம் போட்டிருந்தது. மதியம் ஒன்றும் முடியவில்லை. சாப்பாடு: மீன் குழம்பு, கத்திரிக்காய், அன்னாசிப் பச்சடி. சமையல்காரனிடம் காலில் விழாத குறையாகச் சொல்லியிருந்தேன். இருவரும் இரண்டாம் தடவை வாங்கினார்கள்.

மூன்றரைக்கு டீ கொண்டுபோனேன். அறை அமைதி. அதிகாரியம்மா மட்டும் ஏதோ அடித்து எழுதிக்கொண்டிருந்தார். சண்டைக்குக் காரணமான வாக்கியத்தை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்களாம். அதற்குப் பதில் வேறு: அடுத்த கூட்டம் வரை முகாமில் யாரையும் அசைப்பதில்லை, இரண்டு நாடும் சேர்ந்து போய்ப் பார்ப்பது. யாருக்கும் வெற்றியில்லை. இருப்பவர்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். நாங்கள் கம்பை அசைக்காமல் பக்கவாட்டில் தோண்டியது நினைவுக்கு வந்தது.

'சீனி இல்லை' தன் கோப்பையை நீட்டினார். இன்று சீனி போடச் சொன்னார். எத்தனை என்று கேட்டேன். எதிரே இருந்தவரைக் காட்டி, அவருக்குப் போடுவது போல என்றார். அவர் சிரித்தார். அதைப் பார்த்துக்கொண்டே போட்டதில் நாலு கரண்டி விழுந்துவிட்டது. குடித்தார்.

ஐந்து மணிக்குக் கையெழுத்து. ஆறரைக்குக் கார்கள் கிளம்பின. ஏழுக்கு ராமு அடைப்பு மரத்தைத் தூக்கி லோரியில் ஏற்றுவதை வாசலில் நின்று பார்த்தேன். முதல் பஸ் போனது. எத்தனையோ வருடம் சத்தம் என்று திட்டிய பஸ். கும்பிடலாம் போலிருந்தது.

மானேஜர் கையைப் பிடித்து வாழ்த்துச் சொல்லி, மிச்சமிருந்த ரோஜாக்களையெல்லாம் கொடுத்தனுப்பினார். கலா தலையில் ஒன்று வைத்துப் பார்த்தாள். நாலு வருடம் கழித்து அந்த முகத்தில் பழைய சிரிப்பு. ஒரு பயம்தான் பாக்கி.


ஞாயிறு, 25

நல்ல வெயில், கடல் காற்று. பஸ் எட்டேகாலுக்கே வந்துவிட்டது. தாலி கட்டி முடிந்தது. கன்னிகாதானம் நான்தான் செய்தேன். ஐயர் இரண்டு தடவை சொல்லியும் கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தேனாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெண் மாப்பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்தோம், பால் பழம் கொடுக்க. சம்பந்தி அம்மா உள்ளே வரவில்லை. முகூர்த்தக்கால் பக்கத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் தோண்டிய மண் இன்னும் நிறம் மாறவில்லை. பாரு என் கையைப் பிடித்தாள். கலா முன்னே வந்து, "அத்தே, அது வந்து..." என்றாள்.

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வெள்ளிக்கெழமையே தெரியும் பிள்ள. ராமு பொஞ்சாதி போன் போட்டுச் சொல்லிருச்சு. ரெண்டு நாளா நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்." என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன். "ஏண்ணே, எங்க காலத்துல ஜோசியர் ஒருத்தர் பாத்து நல்லாருக்குன்னு சொன்னாரு. இதுக்கு ஜோசியர் பாத்தாரு, இன்ஸ்பெக்டர் பாத்தாரு, நாய் பாத்துச்சு, மெஷின் வெச்சும் பாத்தாச்சு. ஒரு கெட்டதும் இல்லேன்னு சர்க்காரே எழுதிக் குடுத்திருக்கு. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?"

சொல்லிவிட்டுச் சொம்பை வாங்கித் தண்ணீர் ஊற்றினார். துணியைத் துளைத்து, மண்ணைக் கீறிப் பச்சை முளை ஒன்று வெளியே வந்திருந்தது. அதன் மேல் படாமல் ஊற்றினார்.

பின்பக்கம் சாக்கடை ஓரத்தில் போய் நின்று அழுதேன். தங்கராஜ் வந்து, பந்தி அண்டா தூக்கி இன்னொரு தோளும் போய்விட்டது என்று சொல்லிப் பக்கத்தில் நின்றான்.

நாலு மணிக்குக் கலா பஸ் ஏறினாள். லூபோக் சீனா பக்கம் போகும் சாலை. தடுப்பு ஒன்றும் இல்லை. வளைவு திரும்பும் வரை பார்த்துக்கொண்டு முகூர்த்தக்கால் பக்கத்திலேயே நின்றேன்.