ஒரே மூடியில் குடித்த காப்பி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. ‘அன்புள்ள’ என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும். உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியமென்று நினைக்கிறேன். அடுத்த ஊர் வேலைக்குக் கம்பெனியில் உன்னை மேஸ்திரியாக அனுப்பியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இங்கே சின்னவளுக்கு இருமல் தேவலை. உன் அண்ணன் விழுந்து ஒரு மாதமாகியும் படுக்கைதான். இடுப்பெலும்பு ஒன்றுசேர நாளாகுமாம். ஒருக்களிக்கக்கூட நான்தான் பிடிக்க வேண்டும்.

நேற்று கம்பெனியிலிருந்து பதில் வந்தது. பெயிண்ட் அடிக்கும் தொங்குபலகையில் குடித்துவிட்டு ஏறியதால்தான் விழுந்தாராம். அதனால் வைத்தியத்துக்கும் அவர்கள் பொறுப்பில்லை, இனி வேலையும் இல்லை. பிளாஸ்கில் சாராயம் இருந்ததைக் கண்ணால் பார்த்ததாக ஒரு சாட்சி. கீழே உன் கையெழுத்து. மூன்று தடவை படித்தேன்.

அந்தப் பிளாஸ்கை நிரப்பியவள் நான். இருந்தது காப்பி, அதுவும் சர்க்கரை போடாத காப்பி. உனக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த அன்றே, “அவன் பாத்துக்கிட்டு இருக்க நான் மட்டும் இனிப்பா குடிக்கவா? ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே போட்டுடு” என்று சொல்லிவிட்டார். மூன்று கரண்டி போட்டாலும் போதாதென்பவர், இரண்டு வருடமாக உன்னோடு கசப்பைக் குடித்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உனக்காகச் சர்க்கரையை விட்டவரை எத்தனை நாள் நினைப்பது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது.

அன்றும் பத்து மணிக்கு ஒரே மூடியில்தானே இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடித்தீர்கள்? அவர் குடித்தது சாராயமென்றால், மொட்டை மாடியில் கயிற்றைப் பிடித்த நீ குடித்தது என்ன? அதை மட்டும் கம்பெனியில் யாரும் கேட்கவில்லையா?

பலகையைத் தாங்கும் கொக்கி தேய்ந்துவிட்டது, சொன்னால் மாற்ற மாட்டேன் என்கிறார்கள் என்று முதல் நாள் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே திட்டியவன் நீ. மறுநாள் அந்தக் கொக்கிதான் விட்டது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று ஊரார் கதையில்தான் கேட்டிருந்தேன். வயிறு எரிகிறது தம்பி. மறைக்க எனக்குத் தெரியவில்லை.

கையெழுத்து யாருடையது என்று அவரிடம் சொல்லவில்லை. யாரோ ஒருவன் என்று சமாளித்தேன். “எவன் என்ன எழுதினா என்ன, தம்பி வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்” என்கிறார். உனக்கு லீவு கிடைக்காததால்தான் பார்க்க வரவில்லையாம். அப்படி நம்பிக்கொண்டிருக்கிறார்.

வருகிற புதன்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. அவரையும் வண்டியில் படுக்கவைத்துக் கூட்டிப்போகிறோம். சாட்சியின் பெயரை எல்லோர் முன்னாலும் படிப்பார்களாம்.

நீயும் உன் பிள்ளைகளும் நன்றாக இருங்கள். சபிக்கத்தான் உட்கார்ந்தேன், வரவில்லை. செவ்வாய்க்கிழமையே வந்துவிடு. அந்தப் பெயரை அவர் முதலில் உன் வாயால் கேட்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணி