வெள்ளிக்கிழமைக் கோவாச் சூப்

நண்பரே,

இன்று காலை மகள், அரிந்து புளிக்கவைத்த கோவா இலைப் போத்தல் ஒன்றைத் திறந்தாள். அந்த மணம் குசினியைத் தாண்டி என் கதிரை வரை வந்தது. உடனே கொப்பியை எடுத்துவிட்டேன். எழுபது வயதில் மகளிடம் எழுதப் பழகியவன் நான். ஒரு வரி முடிய ஒரு தேத்தண்ணீர் முடிகிறது. உமக்குத் தமிழ் தெரியாது. அதனாலென்ன, பிளாக்டவுனில் நாலு வருடம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் மொழி இல்லாமல்தானே கதைத்தோம்.

நீர் முன்பு செய்த அணை கட்டும் வேலை முழுதாய் முடிந்த மறுவருடம், அந்த ஜிண்டபைன் மலைப்பக்கம் என்னைக் கூட்டிப்போனீர். உமது பழைய கூட்டாளி ஒருவர் தன் மரக்குடிலை நாலு நாளைக்குத் தந்திருந்தார். போலந்தில் உமது மலையில் எப்படிச் சாப்பிடுவார்களோ அப்படி என்னைச் சாப்பிட வைப்பதுதான் விடுமுறை என்றீர். சோகிச் சிப்பி கோத்த உமது மலையூர்க் கறுப்புத் தொப்பியோடுதான் அடுப்படியில் நின்றீர். உருளைக்கிழங்கைத் துருவித் தட்டையாகப் பொரித்தீர். புகையில் வாட்டிய செம்மறிப்பால் சீஸை நெருப்பில் சூடாக்கி, மேலே ஜாம் வைத்துத் தந்தீர். அது பல்லில் கீச்சிட்டது. நான் நாலு துண்டு தின்றேன்.

புறப்படும்போதே மகள் சொன்னாள், “அப்பா, வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் சாப்பிடமாட்டனெண்டு அவருக்கு முதலே சொல்லிப்போடுங்கோ.” நான் சொல்லவில்லை. மனைவி கண்மூடிய நாளிலிருந்து அவளுக்கென்று நான் பிடித்த விரதம் அது ஒன்றுதான். ஒரு வெள்ளியும் தவறியதில்லை. ஆனால் அந்த வெள்ளி விடியவே நீர் ஆட்டு விலாவைப் புளித்த கோவாவோடு அவியவிட்டுப் பாடிக்கொண்டிருந்தீர். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. வெளியே போய், இந்த ஒரு தரம் பொறுத்துக்கொள் என்று மனைவியிடம் கேட்டுவிட்டு வந்து மேசையில் இருந்தேன்.

என் கோப்பை நிறைய இறைச்சி. உமது கோப்பையில் அவித்த உருளைக்கிழங்கு மட்டும். உள்ளதையெல்லாம் விருந்தாளிக்கே தந்துவிட்டீர் என்று நினைத்து, பெரிய எலும்பொன்றை எடுத்து உமது கோப்பைக்குள் வைத்தேன். நீர் சூடு பட்டவர் போலக் கையை இழுத்தீர்.

“நோ, நோ. பிறைடே. நோ மீற்.”

நான் நெஞ்சைத் தொட்டேன். “மீ... பிறைடே... நோ மீற்.”

தொப்பி கழன்று விழும்வரை சிரித்தீர். கிழட்டு ஆடே, ஏன் சொல்லவில்லை என்று ஆங்கிலத்தில் ஏசினீர். நீர் மட்டும் சொன்னீரோ என்று நான் தமிழில் ஏசினேன். சட்டியை மூடி வெளியே குளிரில் வைத்துவிட்டுப் பாணும் சீஸும் தின்றோம். மறுநாள் அந்த விலாவில் ஒரு நாரும் மிஞ்சவில்லை.

யாருக்காக என்று கேட்டீர். “வைஃப்,” என்றேன். பாணைப் பிய்த்துப் பாதியை எனக்குத் தந்து, “மை மதர்,” என்றீர். போர்க்காலத்தில் மலையிலே விட்டுவந்து, பிறகு காணவே கிடைக்காத தாய்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் நீர் எங்கள் வீட்டில்தான். பருப்புக் கறியை மூன்று தரம் கேட்பீர்.

போன குளிர்காலத்தில் நீர் போய்விட்டீர். உமக்குப் பிள்ளைகள் இல்லை. உமது தாய்க்கு வெள்ளி பிடிக்க இனி ஆளில்லை என்று, உம்மைப் புதைத்துவிட்டு வரும் வழியிலேயே எனக்கு விளங்கியது. நான் பிடிக்கிறேன். மனைவியின் பெயரைச் சொன்ன கையோடு, “என்ர கூட்டாளியின்ர அம்மாவுக்கும்,” என்று சொல்லிவிட்டே சாப்பிடுகிறேன். அவவின் பெயரை உம்மிடம் கேட்டு வைக்க மறந்துபோனேன். அங்கே என் மனைவி இதற்குள் விசாரித்து அறிந்திருப்பாள்.