உன் புத்தகத்தில் ஒரு திருத்தம்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. சாமி புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. உன் மாயக்கதைப் புத்தகம் வந்தது. நானாக எழுத்துக்கூட்டிக் கற்றவள், நாளுக்குப் பத்துப் பக்கம் படித்து, நிறுத்திய இடத்தை நோட்டில் குறித்துவைத்தேன். என்னடி, பரீட்சைக்கா படிக்கிறே என்று அப்பா கிண்டல் செய்தார்.

உன் கதையில் வரும் காடு குழந்தை மனசு மாதிரி சுத்தமாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டு டீச்சர் புகழ்கிறாள். கெட்டது எதுவும் உள்ளே வராது, தண்ணீர்கூட யாரையும் மூழ்கடிக்காது. எனக்கு மட்டும் அந்தக் காடு பயமாக இருக்கிறது. அது நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோப்புதானே. அந்தக் கதையும் நான் கட்டியதுதான். அன்றைக்கு நீயும் உன் தங்கச்சி குருவியும் என்னைப் பூஜை செய்யவிடாமல் முந்தானையைப் பிடித்து இழுத்தீர்கள். அங்க சாமி குடியிருக்கு, ஒரு எறும்புகூடக் கடிக்காது, போங்கடி என்று விரட்டினேன். நீ மட்டும் திரும்பி வந்தாய். குருவி எங்கேடி என்றேன். அவ பயப்படவே இல்லம்மா, இங்க தண்ணியும் நல்லதுதான்னு சொல்லிட்டு தோப்புக் குளத்துல இறங்கிட்டா என்றாய். நான்தான் அப்படிச் சொல்லி அனுப்பினேன் என்பதை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

தொண்ணூற்றாறாம் பக்கத்தில் அக்காக்காரி தங்கையின் கையை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறாய். இருபத்திரண்டு வருஷமாக இதையா சுமந்துகொண்டிருக்கிறாய்? உனக்கு அப்போது ஒன்பது வயசு. ஆறு வயசுப் பிள்ளைக்கு இருக்க வேண்டிய பயத்தைப் பிடுங்கிப்போட்டவள் நான். உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை.

இரண்டாம் பாகம் எழுதுவதாகச் சொன்னாய். காடு நல்லதாகவே இருக்கட்டும், குளம் மட்டும் தன் ஆழத்தைச் சொல்லட்டும். கையை விட்டது அக்கா என்று இனி எழுதாதே, போகச் சொன்னது அம்மா என்று எழுது. இன்னொன்று. சின்னவள் தினமும் சாயங்காலம் காட்டோரம் வந்து நிற்கிறாள், அம்மா கூப்பிடவே இல்லை என்று முடித்திருக்கிறாய். அது தப்பு. விளக்கேற்றியதும் பின்கதவைத் திறந்து நின்று தினமும் கூப்பிடுகிறேன். பூனையைக் கூப்பிடுகிறேன் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். நம்மிடம் ஏது பூனை?

பல் வலியைத் தள்ளிப்போடாதே, இந்த வாரமே டாக்டரிடம் காட்டு. சாமி உன் கூடவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா