மறுபக்கத்து ஸ்பேனர்

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம் என்று எழுதாமல் கடிதம் தொடங்கக் கூடாது, அதனால் நலம், மீதியைக் கீழே எழுதுகிறேன். உன் இருமல் எப்படி இருக்கிறது? வெந்நீர் குடிக்கிறாயா, இல்லை போனில் தலையாட்டுவதோடு சரியா?

நம் பைக் பின்பக்கம் கீச்சென்று கத்த ஆரம்பித்து ஒரு மாதமாகிறது. பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம் கிரீஸ் இல்லாமல் காய்ந்துவிட்டது, வேறொன்றுமில்லை. வருஷா வருஷம் நாம் மூன்று பேரும் வீட்டிலேயே செய்த வேலைதான், அம்மா போய்ச்சேர்ந்து, நீயும் வேலைக்கென்று அவ்வளவு தூரம் போன பிறகு எனக்குக் கை ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் பழைய பெட்ஷீட்டை விரித்து, வண்டியை நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். அந்த நீள போல்ட்டில்தான் மாட்டிக்கொண்டேன், இந்தப் பக்கம் நட்டைத் திருகும்போது அந்தப் பக்கம் போல்ட் தலையை ஒருவர் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றும். நான் பாட்டுக்கு ஸ்பேனரை மாட்டிவிட்டு, கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா என்று பழக்கத்தில் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் குனிந்தபடியே காத்திருந்தேன். பக்கத்தில் வைத்த டீ ஆறிப்போனது. பிறகு மறுபக்கத்து ஸ்பேனரை ஸ்டாண்டோடு கயிற்றால் கட்டிக் கழற்றினேன். பார்த்தால் நான் திருகிய நட்டின் முனையெல்லாம் மழுங்கிக் கிடக்கிறது, உன் அம்மா பிடித்த பக்கம் புதுசு மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷம் அவசரப்பட்டது யார் என்று தெரிந்துவிட்டது, சொல்லிக்காட்டத்தான் ஆள் இல்லை.

துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புது கிரீஸ் தடவி எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். பக்கத்துவீட்டுத் தையல்காரர் எட்டிப்பார்த்து, ஏதாவது பிடிக்கணுமா சார் என்று கேட்டார். எல்லாம் முடிஞ்சுது என்று அனுப்பிவிட்டேன். முடியவில்லை. கடைசியாக நட்டை இறுக்கும்போது வண்டி மேல் ஒருவர் உட்கார வேண்டும் என்பது உனக்கே தெரியும், பின்பக்கம் அமுங்கியிருக்கும்போது இறுக்கினால்தான் உள்ளே ரப்பர் புஷ் முறுக்கிக்கொள்ளாது. எப்போதும் நீதான் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்து என் உயிரை வாங்குவாய். ஸ்பேனரைப் பிடிக்கக் கயிறு போதும், உட்காருவதற்குக் கயிறு உதவாது. தையல்காரரை உட்கார வைத்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும், அப்புறம் உன்னைக் கூப்பிட எனக்கு வேறு சாக்கு கிடையாது.

போன வாரம் போனில், இந்த லீவுக்கு வரட்டுமாப்பா, இல்ல வேலையைப் பார்த்துட்டு அடுத்த வருஷம் வரட்டுமா என்று கேட்டாய். உன் வசதிப்படி செய் என்றேன். அது பொய். தனியாக இருக்க எனக்கு இன்னும் பழகவில்லை, நீ இந்த லீவுக்கே வந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். நட்டை விரலால் மட்டும் திருகி வைத்திருக்கிறேன். நீ வரும் வரை பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, அம்மாவின் பங்கையும் சேர்த்து ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, வீடியோவில் ரொம்ப இளைத்துத் தெரிந்தாய், வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ ஏறி உட்கார்ந்தால் வண்டி அமுங்க வேண்டும்.

இப்படிக்கு,
இந்தப் பக்கத்து ஸ்பேனரோடு,
அப்பா