அந்தக் கைதட்டல் அவளுக்கில்லை

என் உயிரான அக்காவுக்கு,

நீ கண்ணை மூடின பிறகு உன் மகள் வள்ளி என்னோடுதான் கோவில்பட்டியில் இருக்கிறாள். முருகன் புண்ணியத்தில் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். மழை பெய்தால் சக்கர நாற்காலியில் கரிசல் மண் அப்பிக்கொள்ளும். குச்சியால் சுரண்டிவிட்டுப் பள்ளிக்குத் தள்ளிக்கொண்டு போவேன். பேச்சு இன்னும் திக்கித் திக்கித்தான். கையும் நினைத்த இடத்துக்கு உடனே போகாது. ஆனால் கொஞ்சம் பொறுத்தால் போகும், அக்கா.

யாருக்கு அந்தப் பொறுமை இருக்கு?

பள்ளிக்கூடத்தில் பெரிய தொடுதிரை மாட்டியிருக்காங்க. இவளை மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே வாங்கினதாம். கேள்வி வரும், விடையைத் தொட்டால் அதுவே கைதட்டும். பேனா பிடிக்க முடியாதவளுக்கு இனி தொட்டால் போதுமே என்று அன்றைக்கு சாமி விளக்கில் ஒரு திரி கூடுதலாகப் போட்டேன்.

ஆனால் அவள் கை பாதி வழி போகுமுன் "நேரம் முடிந்தது" என்கிறது அந்தத் திரை. பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் பைசா பிசகாமல் போடுகிறவள் நான். ஓடியாடுகிற பிள்ளைக்கும் இவளுக்கும் ஒரே நேரம் கொடுக்கிற இந்தக் கணக்கு மட்டும் எனக்குப் புரியலை.

டீச்சரிடம் கேட்டேன்.

"நேரத்தைக் கூட்டலாம்க்கா. பாஸ்வேர்டு கம்பெனிக்காரவிய கிட்டல்லா இருக்கு. போன் போட்டா வாரோம் வாரோம்னு சொல்லுதாவ."

"பூட்டைக் கொடுத்துட்டு சாவியைக் கொண்டு போயிட்டாவளாக்கும்?" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரலை.

போன வெள்ளிக்கிழமை அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். நானும் வகுப்பு வாசலில் நின்றேன். வள்ளியைத் திரைக்கு முன்னால் கொண்டுபோனார்கள். கரிசல் மண்ணில் நன்றாக விளைவது எது? தேயிலை, பருத்தி, ரப்பர் என்று மூன்று படம். நாகலாபுரத்தில் அத்தானோடு பருத்திக் காட்டிலேயே கிடந்த பிள்ளைக்கா தெரியாது? கண் பருத்தியிலேயே நிற்குது. கையும் கிளம்பிவிட்டது. போட்டோ எடுப்பவர் அவசரப்படுத்தவும், டீச்சர் அவள் கையைப் பிடித்துப் பருத்தியில் அழுத்திவிட்டாள். திரை கைதட்டியது. அதிகாரிகளும் தட்டினார்கள்.

"நா...ன் தொ...டலை" என்றாள் வள்ளி.

"சந்தோஷப்படுதா, பாருங்க" என்றார் அதிகாரிகளில் ஒருத்தர்.

அவர்கள் போனதும் டீச்சரைப் பிடித்துக்கொண்டேன்.

"கோவப்படாதீயக்கா. விஜயதசமிக்கு அரிசியில கையைப் பிடிச்சு எழுத வைக்கோம்லா, அது மாதிரிதான்."

"எழுதத் தெரியாத பிள்ளை கையைத்தான் பிடிப்பாவ, டீச்சர். இவளுக்குத் தெரியுமே!"

அவள் கெட்டவள் இல்லை, அக்கா. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். யாரைத் திட்டுவது?

வீட்டுக்கு வந்தும் வள்ளி சாப்பிடலை. "எனக்குத் தெரியும்னு அவியளுக்குத் தெரியாதுல்லா, சித்தி?" என்று கேட்டாள். இந்த ஒரு வரியை அவள் சொல்லி முடிக்கிறதுக்குள் அடுப்பில் கொதித்த உலையே அடங்கிவிட்டது. நீ இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய்?

திங்கட்கிழமை அவளோடு வகுப்புக்குள்ளேயே போகிறேன். அந்த நேரத்தைக் கூட்டி வைக்கும்வரை தினமும் போவேன். சஷ்டிக்குப் பட்டினி கிடந்து காத்திருக்கிறவளுக்கு இது பெரிசா? திரை முடிந்தது என்று சொன்னால் சொல்லட்டும். "இன்னும் முடியலை" என்று நான் பக்கத்தில் நின்று சொல்வேன். அவள் கேட்காமல் அவள் கையை இனி ஒருத்தரும் பிடிக்க விடமாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உன் மகளுக்குச் சித்தி,
உனக்கு என்றைக்கும் தங்கச்சி,
செல்லம்மா