இடது காலோடு இடது கை

செப்டம்பர் 10, புதன்

அன்பு மகள் நெரிஸுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம் என்று ஞாயிற்றுக்கிழமை பட்டாள முகாமிலிருந்து தொலைபேசியில் மூன்று தடவை சொன்னாய். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். உனக்குப் பின்னால் பத்துப் பெண்கள் தங்கள் முறைக்காக நின்று இருமிக்கொண்டிருக்கும்போது நீ வேறு என்னதான் சொல்வாய்? ஆகவே கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பேருந்து ஓட்டுகிறவன் கையெழுத்து, ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்.

நேற்று, நீ பிள்ளைகளுக்குப் பட்டாள நடை பழக்கிய கேடட் கூடத்துக்குப் போய் உன் சாவியையும் விசிலையும் திருப்பிக் கொடுத்தேன். வாசலிலேயே கொடுத்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்றுதான் போனேன். இரண்டு வருஷம் செவ்வாய்தோறும் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த வாசலில் காரை நிறுத்தி ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். ஒருநாள்கூட உள்ளே போனதில்லை. பட்டாளத்தில் சேருகிறேன் என்று நீ சொன்னதில் எனக்கிருந்த கோபத்தை அந்தக் கூடத்தின் மேல் காட்டிக்கொண்டிருந்தேன். கூடம் என்ன செய்யும் பாவம், தகரக் கூரை போட்ட பழைய கட்டடம்.

மோரீன் புரோபர்ட் விடவில்லை. அவளும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பது உனக்குத் தெரியும். பகலில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிறவள், ராத்திரி சார்ஜென்ட் பட்டையோடு நிற்பதைப் பார்க்க எனக்கு ஒரே வேடிக்கையாக இருந்தது. "ரெண்டு வருஷமா கார்ல குந்தியிருந்த மனுசன் இன்னைக்குத்தான் வழி கண்டுபிடிச்சியா? உள்ள வாய்யா, டீ ஆறுது" என்றாள்.

உள்ளே போனால் இருபத்திரண்டு பிள்ளைகள். உன் பெயரைச் சொன்னதும் எல்லாத் தலையும் திரும்பியது. ஒருத்தன் தன் கம்பளித் தொப்பியைக் கொண்டுவந்து காட்டினான். வெந்நீரில் முக்கித் தலையிலேயே வைத்துக் காயவிட்டுத்தான் அதற்கு வடிவம் வரவேண்டுமாமே, நீதான் சொல்லிக் கொடுத்தாயாம். நம் வீட்டுக் குளியலறையிலிருந்து தலையில் ஈரத் தொப்பியோடு வந்து நீ டிவி பார்க்க உட்கார்ந்த நாட்களுக்கெல்லாம் எனக்கு நேற்றுத்தான் விளக்கம் கிடைத்தது.

மோரீன் ஒரு சங்கதி சொன்னாள். பெரியவர்கள் இரண்டு பேர் இல்லாமல் கூடத்தைத் திறக்கக் கூடாது என்பது சட்டமாம். நீ போனதும் அவள் ஒருத்திதான் மிச்சம். பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஆளை மாதக் கடைசிவரை கடனாக அனுப்பியிருக்கிறார்கள். அதற்குள் வேறு ஆள் கிடைக்காவிட்டால் பூட்டு. "யாராச்சும் கெடைப்பாங்க" என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

அம்மா திராட்சை போட்ட கேக் சுட்டு அனுப்பியிருக்கிறாள். அனுமதி உண்டா இல்லையா என்று கேட்காமலே அனுப்பிவிட்டாள், அவள் சுபாவம் உனக்குத் தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா


செப்டம்பர் 17, புதன்

அன்புள்ள நெரிஸ்,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்கு முதல் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டினேன். மீதியை நீ எனக்குத்தான் எழுதியிருக்கிறாய் என்று தோன்றியது.

முதலில், எனக்குப் புரியாததைக் கேட்டுவிடுகிறேன். மூன்றாம் நாள் மைதானத்தில், இடது காலோடு இடது கையும் வலது காலோடு வலது கையும் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். கடிகார நடை என்று அதற்கு ஒரு பேர் வேறு. அது எப்படிப் போகும்? நான் சமையலறையில் நடந்து பார்த்தேன். வேண்டுமென்றே செய்யப் போனால் வரவே மாட்டேன் என்கிறது, இரண்டு அடிக்குள் கை தானாக மாறிக்கொள்கிறது. அடுப்பிலிருந்து கதவுவரை ஆறு தடவை நடந்தேன். அம்மா உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு என்ன, வாதமா?" என்று கேட்டாள். உன் ரகசியத்தைக் காப்பாற்ற, இடுப்பு வலி என்று சொல்லிவைத்தேன். இப்போது தினமும் எனக்குத் தைலம் தேய்க்கிறாள். இது உன்னால்.

இரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு நடை சொல்லிக் கொடுத்தவளுக்கே நடை தவறியது என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். யானைக்கும் அடி சறுக்கும், உனக்குச் சறுக்கினால் என்ன? அதை நீ பெரிதாக எழுதவில்லை. கார்ப்பரல் எல்லார் முன்னாலும், "இதுக்கு முன்னாடி எங்கயாவது நடந்து பழகியிருக்கியா?" என்று கேட்டதற்கு நீ "இல்ல கார்ப்பரல்" என்று சொன்னாயே, அதைத்தான் இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். அந்த வரி என்னையும் குத்தியது. கேடட் வேலை பார்த்தவர்களைக் கேலி செய்வார்கள், அதனால் சொல்ல வேண்டாம் என்று முன்னால் போனவர்கள் எச்சரித்திருந்தார்கள் என்கிறாய். இருக்கட்டும். "ரெண்டு வருஷத்தை ஒரே வார்த்தையில இல்லன்னுட்டேன்பா. அந்தப் பிள்ளைங்க மூஞ்சில இனிமே எப்படி முழிப்பேன்?" என்று எழுதியிருப்பது நீதானா? கால் உடைந்தபோதுகூட அழாத பெண் நீ.

இருபத்தெட்டு நாள் முடிந்தால் விருப்பப்பட்டவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம், வருகிற இருபத்தெட்டாம் தேதி ஞாயிறோடு உனக்கு அது முடிகிறது, 'வா' என்று நான் ஒரு வார்த்தை எழுதினால் போதும் என்கிறாய். இதற்கு உடனே பதில் எழுத எனக்குத் தைரியம் இல்லை. உன் அப்பா அவசரக்காரன், இந்த ஒரு விஷயத்திலாவது ஒரு வாரம் பொறுக்கட்டும்.

நேற்றும் கூடத்துக்குப் போனேன். மோரீனிடம் எதுவும் சொல்லவில்லை, பயப்படாதே. உனக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒன்று தெரியவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது. டீ போடுகிறேன் என்று ஓரமாக நின்று பிள்ளைகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் கை மாறவில்லை. ஷோனெட் என்று ஒரு பெண், பதிமூன்று வயதிருக்கும், கண்ணாடி போட்டவள், எல்லாரையும்விட அழகாக நடந்தாள். அவளைப் பாராட்டினேன். "போன வருஷம் என்னைப் பாத்திருக்கணும் சார், நான் நடந்தா பூரா கூடமும் சிரிக்கும்" என்றாள். கடிகார நடையாம்! யார் சரி பண்ணினார்கள் என்று கேட்டேன். என்னை ஒரு மக்கைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணுதான்" என்றாள். எப்படி என்று கேட்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

அடுத்த செவ்வாய்வரை எப்படித்தான் காத்திருப்பதோ. உன் அறையில் இருக்கும் எட்டுப் பேரும் கேக்கைப் பங்கு போட்டதில் உனக்குக் கிடைத்தது ஒரு துண்டுதான் என்று அம்மாவிடம் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா


செப்டம்பர் 24, புதன்

என் செல்ல நெரிஸுக்கு,

இது ஞாயிறுக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று காலையிலேயே எழுதுகிறேன். பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டுவிட்டு, காலி பேருந்தில் உட்கார்ந்து. மழை கொட்டுகிறது.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். கடன் ஆள் தாமதமாக வந்தார். பிள்ளைகளைச் சும்மா வைத்திருக்க வேண்டாமே என்று மோரீன் என்னையும் வரிசையில் நிற்கச் சொன்னாள். ஐம்பத்தொரு வயது ஆள், பேருந்துக்காரச் சட்டை, முன் வரிசையில். "முன்னால் நட!" என்று அவள் ஒரு சத்தம் போட்டாள். அம்மாடி, என்ன சத்தம் அது! அந்தச் சத்தத்தில் எனக்கு எது கை, எது கால் என்று மறந்துவிட்டது. நாலாவது அடியில் பின்னாலிருந்து ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். குனிந்து பார்க்கிறேன், இடது காலோடு இடது கை. சமையலறையில் ஆறு தடவை தேடியும் கிடைக்காதது, கேட்காமலே வந்து நிற்கிறது. நிறுத்த முயன்றால் இன்னும் மோசம். கூடம் முழுக்கச் சிரிப்பு. காது சுடுகிற அளவுக்கு எனக்கு வெட்கம். நீ எழுதியது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது, மகளே. போன கடிதத்தில் சறுக்கினால் என்ன என்று சுலபமாக எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்.

ஷோனெட் வரிசையை விட்டு வந்தாள். "சார், கையை நெனைக்காதீங்க. நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? அதைச் சொல்லிக்கிட்டே வாங்க" என்று என் பக்கத்தில் நடந்தாள். பீன்ஸ், சாஸேஜ் என்றேன். எத்தனை சாஸேஜ் என்றாள். மூன்று, ஒன்றை நாய்க்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். நாய்க்கு ஏன் கொடுத்தீர்கள் என்றாள். கருகிவிட்டது என்றேன். நீ இதை உன் அம்மாவிடம் சொல்லாதே, மகளே. "இப்ப கையைப் பாருங்க" என்றாள். கை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வயதில் கற்றுக்கொண்ட நடை யாருக்கும் மறக்காது, யாராவது அதட்டும்போதுதான் மறக்கிறது, அந்த நேரம் சாப்பாட்டை நினைத்துக்கொள் என்று நீதான் அவளுக்குச் சொன்னாயாம். ஐந்து செவ்வாய்க்கிழமை அவளுடைய சாப்பாட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டே நடந்தாயாம். நான் வாசலில் கால்பந்து முடிவுகள் கேட்டுக்கொண்டிருந்த செவ்வாய்க்கிழமைகள் அவை.

மோரீனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "இது உங்க குடும்பத்து நடையா என்ன! உன் பொண்ணும் மொத நாள் இதே மாதிரிதான்யா நடந்தா. சொல்லிக் கொடுக்க வந்தவளே கடிகாரம். பிள்ளைங்க எல்லாம் சிரிச்சாங்க, நானும்தான் சிரிச்சேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று காரில் ஏறியபோது எப்படி இருந்தது என்று நான் கேட்டேனா? கேட்டிருக்க மாட்டேன். அப்புறம் என்ன ஆயிற்று என்று மோரீனிடம் கேட்டேன். "என்ன ஆகும்? அடுத்த செவ்வா பத்து நிமிசம் முன்னாடியே வந்து நின்னா. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு டீக் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கார்ப்பரல் கேட்டதையும் நீ இல்லை என்று சொன்னதையும் அந்த இடத்தில் மோரீனிடம் சொல்லிவிட்டேன். வாய் தவறவில்லை, வேண்டுமென்றே சொன்னேன். அவள் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையை வைத்துவிட்டு, "பயந்துட்டா பாவம், நானா இருந்தாலும் இல்லன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். கோப்பையைத் திரும்ப எடுத்துத் துடைத்தபடியே, "அவ திரும்பி வந்தா நான் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுப்பேன். கூடத்துக்கும் ஆள் கெடைச்சிரும். ஆனா இதை நீ அவகிட்ட சொல்லித் தொலைக்காத" என்றாள். சொல்லிவிட்டேன். நம் குடும்பத்துக்குக் கை மட்டுமில்லை, வாயும் அப்படித்தான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். 'வா' என்று ஒரு வார்த்தை. அதை எழுத எனக்கு இரண்டு வருஷமாக ஆசை. ஒவ்வொரு செவ்வாயும் காரில் உட்கார்ந்து நினைத்தது அதைத்தான், இவள் மனசு மாறி என்னோடு வீட்டிலேயே இருந்துவிட மாட்டாளா என்று. நீயாகவே வந்து கேட்கும்போது எழுதக் கூடாதா? நேற்று ராத்திரி ஒரு தாளில் எழுதியும் பார்த்தேன். பிறகு, எழுதியது உனக்காகவா எனக்காகவா என்று யோசித்தேன். எனக்காக. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ ரயிலடியில் வந்து இறங்கினால் காரோடு நிற்பேன். ஏன் என்று கேட்க மாட்டேன். அம்மாவையும் கேட்கவிடாமல் பார்த்துக்கொள்கிறேன், அதுதான் கஷ்டம். உன் அறையில் ஒரு சாமானும் நகரவில்லை. அது என்றைக்கும் உன் வீடு, இதில் மாற்றமே இல்லை. ஆனால் கூடம் பூட்டிக் கிடக்குமே, பிள்ளைகள் என்ன ஆவார்களோ, அதற்காகவாவது ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று உனக்கு நீயே ஒரு காரணம் சொல்லிக்கொள்ளாதே. கூடத்துக்கு இரண்டாவது ஆளாக நானே வருகிறேன் என்று படிவத்தில் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டேன். பள்ளிப் பேருந்து ஓட்டுவதால் போலீஸ் விசாரணையெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடுமாம், அதுவரை கடன் ஆளை நிறுத்திவைக்க மோரீன் பேசிவிட்டாள். செவ்வாய்க்கிழமைகளில் உன் விசில் இனி என் கழுத்தில். கூடத்தில் உன் இடம் மட்டும் காலி இல்லை, மகளே.

இதைக் கேட்டு அம்மா, "அப்ப இடுப்பு வலி?" என்றாள். போய்விட்டது என்றேன். முழுக்கதையையும் சொல்லவைத்துவிட்டாள். கொஞ்சம் அழுதாள், பிறகு மறுபடி மாவு பிசைய ஆரம்பித்தாள். இந்தத் தடவை இருபத்தைந்து சின்னக் கேக், மற்ற ஏழு பேருக்கும் ஆளுக்கு மூன்று, உனக்கு நாலு.

எங்கே நடந்தாலும் நன்றாக நட. கடவுள் உன் கூடவே நடக்கட்டும்.

உன் அப்பா,
எம்லின் பியூ

பின்குறிப்பு: நேற்று என்ன சாப்பிட்டாய் என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொல்கிறாள் ஷோனெட். நேற்றையது வேண்டாம். ஞாயிறு கழித்து வருகிற செவ்வாய்க்கிழமை ராத்திரி அங்கே என்ன சாப்பாடு போடுகிறார்கள் என்று எழுது. கூடத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.